ஒன்பதாம் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம்

கேள்வி இதுதான்: “குர்ஆனில் ‘அவர்களைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள்’ என்று நேரடியாகவே இருக்கிறது. அப்படியிருக்க, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் முஸ்லிம்களைக் கண்டு பயப்படுவதை வெறுப்பு என்று எப்படிச் சொல்லலாம்? புத்தகத்தைப் படித்துவிட்டுத்தானே பயப்படுகிறார்கள்?”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்குச் சந்தேகம். படித்துவிட்டுப் பயந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முதலில் பயந்துவிட்டு, அப்புறம் அதற்குத் தோதான வரியைத் தேடிப் பிடித்தவர்களைத்தான் வரலாறு முழுக்கப் பார்க்க முடிகிறது. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன். ஆனால் முதலில் வசனத்தைப் பார்த்துவிடுவோம். அதைத் தொடாமல் பேசினால் மழுப்புகிறேன் என்றுதான் நினைப்பீர்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

நீங்கள் சொல்வது தவ்பா என்னும் 9-ஆம் அத்தியாயத்தின் 5-ஆம் வசனம். புனித மாதங்கள் கழிந்ததும் முஷ்ரிக்குகளைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள், பிடியுங்கள், முற்றுகையிடுங்கள் என்று அது சொல்வது உண்மை. இணையத்தில் சுற்றும் படங்களில் ‘முஷ்ரிக்குகள்’ என்ற இடத்தில் பெரும்பாலும் ‘காஃபிர்கள்’ என்றோ ‘நம்பாதவர்கள்’ என்றோ இருக்கும். ஒரு சொல்தான் மாறியிருக்கிறது, ஆனால் அந்த ஒரு சொல்லில் உலகத்தில் முஸ்லிம் அல்லாத அத்தனை பேரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். அரபியில் இருப்பது முஷ்ரிக்கீன், அதாவது இறைவனுக்கு இணை வைப்பவர்கள். இந்த இடத்தில் அது குறிப்பது உடன்படிக்கை செய்துகொண்ட அரபுக் குலங்களை என்பது முதல் வசனத்திலிருந்தே தெரியும்.

பின்னணி சுருக்கமாக: 628-இல் ஹுதைபிய்யா என்ற இடத்தில் முகமது நபிக்கும் மக்காவின் குறைஷிக் குலத்துக்கும் பத்தாண்டுப் போர்நிறுத்தம் ஏற்பட்டது. இரண்டு வருடம்கூட முழுதாக நிலைக்கவில்லை. குறைஷிகளோடு சேர்ந்திருந்த ஒரு குலம், முஸ்லிம்களோடு சேர்ந்திருந்த இன்னொரு குலத்தைத் தாக்கியது. 630-இல் மக்கா முஸ்லிம்கள் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஹஜ்ஜின்போது இந்த அத்தியாயத்தின் தொடக்கம் ஒரு அறிவிப்பாகப் படிக்கப்பட்டது: உடன்படிக்கை முடிந்தது, நான்கு மாதம் அவகாசம். 4-ஆம் வசனம், ஒப்பந்தத்தை மீறாதவர்களோடு செய்த உடன்படிக்கையைத் தவணை முடியும்வரை நிறைவேற்றுங்கள் என்கிறது. 6-ஆம் வசனம், அதே முஷ்ரிக்குகளில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், இறைவனின் சொல்லைக் கேட்கட்டும், பிறகு அவரைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள் என்கிறது. கண்ட இடத்தில் கொல்ல வேண்டியவரைப் பத்திரமாக வீட்டில் விடச் சொல்வது எப்படி? 13-ஆம் வசனத்துக்கு வந்தால் காரணமும் கிடைக்கிறது: சத்தியத்தை முறித்தவர்கள், முதலில் தாக்குதலைத் தொடங்கியவர்கள்.

சரி, இத்தோடு பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. “எல்லாம் பின்னணிதான், கவலைப்படாதீர்கள்” என்று முடித்துவைக்கும் பேச்சாளர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். அதே 5-ஆம் வசனத்தின் பின்பாதி, அவர்கள் மனம் திருந்தித் தொழுகையும் ஸகாத் என்னும் கட்டாய தர்மமும் நிறைவேற்றினால் விட்டுவிடுங்கள் என்கிறது. அங்கே மதமும் நிபந்தனையாக வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், பின்னால் வந்த சட்ட அறிஞர்களில் ஒரு சாரார் இதற்கு ‘வாள் வசனம்’ என்று பெயர் வைத்து, சமாதானம் பேசும் நூற்றுக்கும் மேற்பட்ட வசனங்களை இது ஒன்றே ரத்து செய்துவிட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பேரரசுகள் விரிந்துகொண்டிருந்த காலத்தில் அரசருக்கு அந்த வாசிப்பு வசதியாக இருந்திருக்கும், இது என் ஊகம். இன்றைய ஜிஹாதிக் குழுக்கள் எடுத்துக்கொண்டதும் இந்த வாசிப்பைத்தான்.

அதே மரபுக்குள் எதிர் வாசிப்பும் இருந்தது. ஒரு வசனம் இன்னொன்றை ரத்து செய்வதை நஸ்க் என்பார்கள். அப்படி ரத்தானவை எத்தனை என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1505-இல் இறந்த எகிப்தியரான சுயூத்தி, அந்த நீளமான பட்டியல்களைச் சலித்து இருபது வரைக்கும் கொண்டுவந்தார். 18-ஆம் நூற்றாண்டு தில்லியில் வாழ்ந்த ஷா வலியுல்லாஹ் ஐந்தே ஐந்து என்றார். அவர் ஐரோப்பியரைத் திருப்திப்படுத்த எழுதிய நவீனச் சீர்திருத்தவாதி அல்ல. மதரசாவில் படித்து, மதரசாவில் பாடம் நடத்திய ஆலிம், அதாவது மார்க்க அறிஞர்.

குறளுக்கு உரை படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ‘பெய்யெனப் பெய்யும் மழை’ என்ற மூன்று சீருக்குப் பரிமேலழகர் ஒரு பொருள் சொல்ல, இருபதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் வேறு பொருள் சொல்ல, இன்றைக்கும் பட்டிமன்றம் நடக்கிறது. மூலம் ஒன்றுதான். அதிலிருந்து என்ன கிடைக்கிறது என்பது படிக்கிறவர் எந்த உரையோடு வருகிறார் என்பதைப் பொறுத்தது.

இப்போது கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன். 2015 டிசம்பரில் நெதர்லாந்தில் இரண்டு இளைஞர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். ஒரு பைபிளுக்குக் குர்ஆனின் அட்டையைப் போட்டுக் கடைத்தெருவுக்கு எடுத்துப்போய், வருகிறவர் போகிறவரிடம் சில வரிகளை வாசிக்கச் சொன்னார்கள். பெண் உபதேசம் செய்ய நான் அனுமதிக்கமாட்டேன் என்ற வரி, அவள் கையை வெட்டிவிடு, இரக்கம் காட்டாதே என்ற வரி, ஆணும் ஆணும் சேர்ந்தால் இருவரும் கொல்லப்பட வேண்டும் என்ற வரி. கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். இதை எப்படி நம்புகிறார்கள், அவர்கள் காலத்துக்கு ஏற்ப மாற வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். அப்புறம் அட்டையைக் கழற்றிக் காட்டியதும் சிரிப்பும் சங்கடமும். அவர்களில் சிலர் சிறுவயதில் பைபிள் கதை கேட்டு வளர்ந்தவர்கள். இது ஆய்வு அல்ல, வேடிக்கைக் காணொளி. ஆனாலும் எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, பைபிளிலும் வன்முறை இருக்கிறதே என்ற பழைய வாதம் அல்ல. அந்த வரிகள் தங்களுடையது என்று தெரிந்ததும் அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பதுதான். யாரும் பைபிள் படிக்கும் தன் பாட்டியைப் பார்த்துப் பயப்படவில்லை. ‘அது அந்தக் காலம், இப்போது யார் அப்படி எடுத்துக்கொள்கிறார்கள்’ என்ற உரை அவர்கள் மனதில் தானாகவே ஓடத் தொடங்கியது. பக்கத்து வீட்டு முஸ்லிமுக்கும் அப்படி ஒரு உரை இருக்கும் என்று நினைக்கத்தான் தோன்றவில்லை.

அந்த உரை சும்மா வந்துவிடவும் இல்லை. மூச்சுள்ள எதையும் உயிரோடு விடாதே என்று பைபிளின் உபாகமம் 20-ஆம் அதிகாரத்தில் கானான் நாட்டு இனங்களைப் பற்றி இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், அந்த இனங்களின் தடயமே அழிந்துவிட்டது என்று எழுதினார். கட்டளை ஏட்டில் இருக்கும், நிறைவேற்ற ஆள் இருக்காது. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர், பைபிளில் வரும் யோசுவாவின் போர்களை ஆன்மா தன் தீய குணங்களோடு நடத்தும் போராக வாசித்துவிட்டார். அப்படியிருந்தும் 1637-இல் கனெக்டிகட்டில் ஆங்கிலேயக் குடியேறிகள் பீக்வாட் பழங்குடியினரின் கோட்டைக்குத் தீ வைத்துப் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றபோது, படைத்தலைவர்களில் ஒருவரான ஜான் அண்டர்ஹில் தாவீதின் போர்களைக் காட்டி நியாயம் எழுதினார். பெற்றோரோடு பிள்ளைகளும் அழிய வேண்டும் என்று வேதம் சில நேரம் சொல்கிறதே என்று. ஒரிகன் எழுதி ஆயிரத்து நானூறு ஆண்டு ஆகியிருந்தது. கோட்டையும் நிலமும் வேண்டும் என்றபோது அந்த உரை எங்கே போனது?

அதனால்தான் வசனத்தை மட்டும் பார்த்து மக்களை எடைபோட முடியாது என்கிறேன். மேற்கில் முஸ்லிம்களைப் பற்றிய எண்ணம் வசனத்தைப் படித்து வந்தது என்பதை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணம், அந்தப் படிப்பின் வரலாறு.

குர்ஆனை முதலில் லத்தீனுக்குக் கொண்டுவந்தவர் ராபர்ட் ஆஃப் கெட்டன். ஆண்டு 1143. ஸ்பெயினில் இருந்த அவருக்குப் பணம் கொடுத்து வேலையை ஒப்படைத்தவர் பிரான்சின் க்ளூனி மடத்துத் தலைவர் பீட்டர். மறுப்பு எழுதுவதற்காகத்தான் மொழிபெயர்ப்பே வேண்டியிருந்தது. தலைப்பு, ‘போலித் தீர்க்கதரிசி முகமதுவின் சட்டம்’. தீர்ப்பை அட்டையில் எழுதிவிட்டு உள்ளே விசாரணை. நானூறு ஆண்டு கழித்து பாசல் நகரில் அதை அச்சிட முயன்ற ஓபோரினஸ் என்ற அச்சகக்காரரைச் சிறையில் போட்டார்கள். மார்ட்டின் லூதர் நகர சபைக்குக் கடிதம் எழுதி மீட்க வேண்டியிருந்தது. லூதரின் வாதம் சுவாரஸ்யமானது: துருக்கியர்களுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்றால் அவர்கள் புத்தகத்தை எல்லோரும் படிக்கும்படி அச்சிடுவதைவிட நல்ல வழி இல்லை என்றார். அதன்படி 1543-இல் புத்தகம் வெளிவந்தது. இன்று வசனங்களை வெட்டிப் படமாக்கி அனுப்புகிறவர்களும் இதையேதான் நினைக்கிறார்கள்.

நிதானமாகப் படித்தவர்களே இல்லை என்று சொல்லமாட்டேன். 1734-இல் ஜார்ஜ் சேல் என்ற லண்டன் வழக்கறிஞர் அரபியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு மொழிபெயர்ப்பு வெளியிட்டார். 1765-இல் சட்டம் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஜெஃபர்சன் அதை வாங்கினார். அந்தப் பிரதி இன்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. 2007 ஜனவரியில், காங்கிரஸுக்குத் தேர்வான முதல் முஸ்லிம் கீத் எல்லிசன், பதவியேற்புப் படத்துக்காக ஜெஃபர்சனின் பிரதியைக் கேட்டு வாங்கி அதன்மேல் கை வைத்தார். அதற்கு முந்தைய மாதம்தான் வர்ஜில் கூட் என்ற வர்ஜீனியா உறுப்பினர், குடியேற்றச் சட்டத்தை மாற்றாவிட்டால் இன்னும் பல முஸ்லிம்கள் தேர்வாகிக் குர்ஆன் கேட்பார்கள் என்று கடிதம் எழுதியிருந்தார். எல்லிசன் டெட்ராய்ட்டில் பிறந்தவர், எங்கிருந்தும் குடியேறியவர் அல்ல. கூட்டின் தொகுதிக்குள்தான் ஜெஃபர்சனின் சொந்த ஊர் வருகிறது என்பது கூடுதல் வேடிக்கை.

நூலிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கிக் காட்டும் இந்த வேலை முஸ்லிம்களோடு தொடங்கவில்லை. 1240-இல் பாரிஸில் யூதர்களின் சமய நூலான தல்மூதின் மேல் விசாரணை நடந்தது. யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய ஒருவர் அதிலிருந்து வரிகளை எடுத்து எடுத்து வைத்தார், ரபிகள் என்னும் யூத மதகுருக்கள் பதில் சொன்னார்கள், கடைசியில் வண்டி வண்டியாகக் கையெழுத்துப் பிரதிகளைக் கொளுத்தினார்கள். யூதர்களின் மேல் ஐரோப்பாவுக்கு இருந்த வெறுப்பு தல்மூதைப் படித்ததால் வந்தது என்று இன்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னும் பொருத்தமான கதை ஒன்று இருக்கிறது. 1927-இல் நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித் அமெரிக்க அதிபர் பதவிக்கு வரப்போகிறார் என்ற பேச்சு. அவர் கத்தோலிக்கர். ஒரு வழக்கறிஞர் பத்திரிகையில் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்: போப்பின் சுற்றறிக்கைகள் இன்னின்ன சொல்கின்றன, அவற்றுக்குக் கட்டுப்பட்ட ஒருவர் அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு எப்படி விசுவாசமாக இருக்க முடியும்? சுற்றறிக்கைகளில் அந்த வரிகள் இருந்தது நிஜம். கடிதத்தைப் பார்த்த ஸ்மித், “இந்தச் சுற்றறிக்கை என்றால் என்ன கண்றாவி?” என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, கதை நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவருக்கு அந்த ஆவணம் இருப்பதே தெரியாது. அவரைப் பிடிக்காதவர் வரி எண்ணோடு ஒப்பிக்கிறார். இன்றைக்கு 9:5 என்ற எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர் யார், தொழுகைக்குப் போகும் டாக்ஸி ஓட்டுநரா?

பயம் முழுக்கக் கற்பனை என்று நான் சொல்லவில்லை. செப்டம்பர் 11 தாக்குதலில் 2,977 பேர் இறந்தார்கள், 2015 நவம்பரில் பாரிஸில் 130 பேர். செய்தவர்கள் வசனம் சொல்லித்தான் செய்தார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்தப் பயம் எங்கே போய் இறங்குகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் எஃப்பிஐ கணக்கில் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றங்கள் 2000-இல் 28, 2001-இல் 481. தாக்குதல் நடந்து நாலே நாளில் அரிசோனாவின் மேசா நகரில் பெட்ரோல் பங்க் நடத்திவந்த ஒருவரை முஸ்லிம் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அவர் தலைப்பாகை கட்டிய சீக்கியர். எந்த வசனத்தைப் படித்தால் சீக்கியரைச் சுடத் தோன்றும்?

சுவிட்சர்லாந்தில் 2009 நவம்பர் 29-ஆம் தேதி மினாரா என்னும் பள்ளிவாசல் கோபுரம் கட்டத் தடை போடலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 57.5 சதவீதம் பேர் தடை வேண்டும் என்றார்கள். நாடு முழுக்க அப்போது இருந்த மினாராக்கள் நான்கு. மலைக் கிராமங்கள் நிறைந்த அப்பென்செல் இன்னர்ரோடனில் ஆதரவு 71 சதவீதம். மினாராவும் பள்ளிவாசலும் பல வருடமாகக் கண்ணெதிரே இருக்கும் ஜெனீவாவில் பெரும்பான்மையினர் தடை வேண்டாம் என்றார்கள். 2016-இல் இப்சோஸ் நிறுவனம் பிரான்சில் கேட்டபோது, நூறு பேரில் 31 பேர் முஸ்லிம்கள் என்று மக்கள் சராசரியாக மதிப்பிட்டார்கள். உண்மைக் கணக்கு ஏழரை. படித்ததாலோ பழகியதாலோ வந்த பயம் என்றால் பழகியவர்களுக்கல்லவா அது கூடுதலாக இருக்க வேண்டும்?

இதில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது தகிய்யா விவகாரம். ஒரு முஸ்லிம் “நான் அந்த வசனத்தை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை” என்றால், “பொய் சொல்ல உங்கள் மதத்திலேயே அனுமதி இருக்கிறதே, அதன் பெயர் தகிய்யா” என்று பதில் வரும். 2015-இல் அமெரிக்க அதிபர் வேட்பாளராக நின்ற பென் கார்சன்கூட இதைப் பேசினார். ஆமாம் என்றாலும் குற்றம், இல்லை என்றாலும் பொய். தகிய்யா என்பது உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் நம்பிக்கையை மறைக்கலாம் என்ற சலுகை. துன்புறுத்தப்பட்ட ஷியாக்களிடம்தான் அது அதிகம் பேசப்பட்டது. ஸ்பெயினில் முஸ்லிம்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் செய்துவைத்த காலத்தில், 1504-இல், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஓரான் நகரத்து முஃப்தி அவர்களுக்கு ஒரு பத்வா எழுதி அனுப்பினார்: கட்டாயப்படுத்தினால் வெளியில் கிறிஸ்தவராக நடியுங்கள், மனதில் நம்பிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா கழுத்தில் கத்தி வைத்தபோது தப்பிக்கக் கொடுத்த அனுமதி, இன்று ஐரோப்பாவை ஏமாற்றும் தந்திரம் என்று மேற்கோள் காட்டப்படுகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பர்மிங்ஹாமிலிருந்து இரண்டு இளைஞர்கள் 2013-இல் சிரியாவுக்குச் சண்டைக்குப் போனார்கள். போவதற்கு முன்னால் அவர்கள் அமேசானில் வாங்கியவை, ஒன்றும் தெரியாதவர்களுக்கான இஸ்லாம் அறிமுகப் புத்தகம், அதே வரிசையில் குர்ஆனுக்கு ஒன்று. அடுத்த ஆண்டு திரும்பி வந்து தண்டனை பெற்றார்கள். பல ஆண்டு மார்க்கக் கல்வி பெற்றவர்களில் வன்முறைக்காரர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த இருவரும், குர்ஆனைத் தடைசெய்யக் கோரிய நெதர்லாந்து அரசியல்வாதி கேர்ட் வில்டர்ஸும் படிக்கும் முறையில் சகோதரர்கள்: உரை வேண்டாம், வரி போதும். 2014 செப்டம்பரில் ஐஎஸ் தலைவர் பக்தாதிக்கு நூற்று இருபதுக்கும் மேற்பட்ட முஸ்லிம் அறிஞர்கள் எழுதிய பகிரங்கக் கடிதம் தொடக்கத்திலேயே இதைத்தான் சொன்னது. ஒரு பொருளைப் பற்றிய எல்லா வசனங்களையும் பார்க்காமல், ஒரு துண்டை எடுத்துத் தீர்ப்பு சொல்வது கூடாது என்று.

இந்த விதி நல்ல எண்ணம் கொண்டவர்களுக்கும் பொருந்தும். ‘ஒருவரைக் கொன்றவர் மனித குலத்தையே கொன்றவர்’ என்ற 5:32-ஐ எல்லா மேடையிலும் கேட்கிறோம், ஒபாமா 2009-இல் கெய்ரோவில் சொன்னார். அதே வசனத்தின் நடுவில், கொலைக்குப் பதிலாகவோ பூமியில் குழப்பம் விளைவித்ததற்காகவோ அல்லாமல் என்ற விலக்கு இருக்கிறது. அடுத்த வசனத்தில் சிலுவையில் அறைவதும் கைகால் வெட்டுவதும் தண்டனைகளாக வருகின்றன. நாளைக்கு ஒருவர் 5:33-ஐக் கொண்டுவந்து நீட்டினால், பாதியை மட்டும் படித்துக் காட்டிய நாம்தான் தலைகுனிய வேண்டும்.

ஆகவே இஸ்லாத்தை விமர்சிக்கவே கூடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். தாராளமாக விமர்சிக்கலாம். மதம் மாறியவருக்கு மரண தண்டனை என்று பழைய சட்ட நூல்களில் இருப்பதை முஸ்லிம் சிந்தனையாளர்களே கடுமையாகக் கேள்வி கேட்கிறார்கள். மனைவியை அடிப்பது பற்றிய 4:34-இல் வரும் வினைச்சொல்லுக்கு, லாலே பக்தியார் என்ற அமெரிக்க முஸ்லிம் பெண் 2007-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் ‘விட்டு விலகுங்கள்’ என்று பொருள் கொடுத்தார். பல அறிஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் அந்தச் சொல்லை அவ்வளவு தூரம் இழுக்க முடியுமா என்று சந்தேகம்தான். சண்டை நடக்கட்டும். அது நூலைப் பற்றிய சண்டை. முஸ்லிம் பெயரைப் பார்த்து வீடு வாடகைக்குத் தராமல் இருப்பவர் அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை. அவர் வாடகைக்கு வந்தவரிடம் 4:34-க்கு என்ன பொருள் என்று கேட்கவே இல்லை.

உங்களுக்கு அந்த வசனத்தை யாராவது அனுப்பியிருந்தால், 9-ஆம் அத்தியாயத்தின் முதல் பதின்மூன்று வசனங்களை ஒரே மூச்சில் படியுங்கள், ஐந்து நிமிடம் ஆகாது. முடிந்தால் இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தமிழ்ப் பதிப்புகள் பலவற்றில் அடைப்புக்குறிக்குள் நிறையச் சொற்கள் இருக்கும். அவை அரபி மூலத்தில் இல்லாதவை, பொருள் விளங்க மொழிபெயர்ப்பாளர் சேர்த்தவை. ஒன்றில் இருக்கும் அடைப்புக்குறி இன்னொன்றில் இருக்காது. முதலில் அவற்றை விட்டுவிட்டு ஒரு தடவை, அப்புறம் சேர்த்து ஒரு தடவை படியுங்கள்.